கடைசிக் கட்டத்தில் குதிரை

திருவண்ணாமலை
12.1.1979

அன்புத் தம்பி முருகையனுக்கு அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கே நான், உன் மாமா, வள்ளி மூன்று பேரும் அண்ணாமலையார் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நெய்வேலியில் பனி ஜாஸ்தி என்கிறார்களே, காதுக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

பொங்கலுக்கு வருவாயா என்று கேட்க மாட்டேன். போன பொங்கலுக்குக் கேட்டு மானம் போனது போதும். இது வேறு விஷயம். ஆவணியில் வள்ளிக்கு ஐந்து வயது முடிகிறது. காது குத்த வேண்டும். மூன்றாம் வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது, நீயும் உன் மாமாவும் ஆடிய சதுரங்கத்தால் தள்ளிப்போனது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் கம்மல் இருக்கிறதென்று இவள் ஜிகினாத் தாளை வட்டமாகக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் காதில் ஒட்டிக்கொண்டு போகிறாள். வாத்தியாரம்மா சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். இவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நீ.

அன்றைக்கு என்னதான் நடந்தது என்று நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கடிகாரக் கடை ரியாசுதீன் அண்ணன் சொன்னதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அவர் கடை மாடியில் உங்கள் ரெண்டு பேருக்கும் கிளப்பின் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர் வேலூருக்கு ஜில்லாப் போட்டிக்குப் போகலாம். உன் மாமாவின் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டம் வரை போய்விட்டது. நம் ஊர் ஆட்டத்தில் சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். அது குதிரை வரிசை. அவரும் பழக்கதோஷத்தில் குதிரையை எடுத்து வைத்துவிட்டார். நீங்கள் ஆடிய இங்கிலீஷ் புத்தக ஆட்டத்தில் எந்த வரிசையானாலும் ராணியே எடுத்துக்கொள்ளலாமாம். ராணி வைத்திருந்தால் ஜெயம் அவருக்கு. குதிரை வைத்ததால் நாலே நகர்த்தலில் தோற்றுப்போனார். யாரோ, "குதிர வண்டி ஓட்டப் போறாரு டோய்"னு சிரித்தானாம். ரியாசுதீன் அண்ணன், "ராணி எடுத்திருக்கலாமே அண்ணே"ன்னு கேட்டதற்கு இவர், "எனக்கு யாருய்யா சொன்னாங்க?"ன்னு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டாராம்.

இவ்வளவுதானே? இதற்கா இரண்டு வருஷம்? பதில் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
உண்ணாமலை

நெய்வேலி
2.2.1979

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி முருகையன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே அனைவரின் நலமும் அறிய விரும்புகிறேன்.

இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்டு. அறையில் என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் விருத்தாசலம், ஒருவர் பண்ருட்டி. கேண்டீன் சாப்பாடு மோசமில்லை. வியாழக்கிழமை மட்டும் சாம்பார் தண்ணீராக இருக்கும். பண்ருட்டிக்காரர் ஊருக்குப் போனால் முந்திரி கொண்டுவருவார். வேலை பழகிவிட்டது. மெஷின் சத்தம்கூட இப்போது உறுத்துவதில்லை.

ரியாசுதீன் அண்ணன் சொன்னது சரிதான். ஆட்டம் நடக்கும்போது எதிரில் இருப்பவரிடம் எதுவும் பேசக்கூடாது என்பது விதி. அவர் குதிரை வைத்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் அதுதான் தப்பு. இதை மாமாவும் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆவணியில் லீவு கிடைப்பது கஷ்டம். பார்க்கிறேன். வள்ளிக்கு என் முத்தங்கள். மாமா இன்னும் கிளப்புக்குப் போகிறாரா?

இப்படிக்கு,
முருகையன்

திருவண்ணாமலை
14.2.1979

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். வள்ளிக்கு இருமல் வந்து போனது, ஓமத்தண்ணீரில் சரியாகிவிட்டது.

உன் கடிதத்தில் சாம்பாருக்கு ஒரு வரி, முந்திரிக்கு ஒரு வரி, என் மகள் காதுக்கும் ஒரே வரி. நல்லா இருக்குதுடா உன் நியாயம்! அம்மா போன பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஆறு வருஷம் இந்த வீட்டில் சாப்பிட்டவன் நீ. ஞாயிற்றுக்கிழமையானால் மாமனும் மச்சானும் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். சோறு ஆறும், நான் கத்துவேன், காதில் விழாது. அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோறு சுடச்சுடச் சாப்பிடுகிறார். அந்தச் சுடுசோற்றைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கிளப்புக்கு அவர் போவதில்லை. பலகையைப் பரணில் போட்டுவிட்டார். ஆனால் போன வாரம் நான் பூ வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது பலகை கீழே இருந்தது. ஆறேழு காய்தான் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மடமடவென்று வாரிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "எலி உருட்டிச்சு, பாத்தேன்"னார். எலி காயை எடுத்துக் கட்டத்தில் வைக்குமா? கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லு. ஆட்டத்தின்போது பேசக்கூடாது, சரி. அதற்கு முன்னால்? இங்கிலீஷ் புத்தகம் உன்னிடம்தான் இருந்தது. புது விதியை எல்லாம் சாயந்திரம் சாயந்திரம் கூடத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னது நீதான், நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ராணி விஷயத்தை அவருக்குச் சொன்னாயா, சொல்லவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உண்ணாமலை

திருவண்ணாமலை
30.3.1979

தம்பி முருகையனுக்கு. இங்கே சுகம். ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஏதாவதா? ஒரு கார்டாவது போடு. ரெண்டு வார்த்தை போதும்.

அக்கா

நெய்வேலி
9.4.1979

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். இடையில் காய்ச்சலாக இருந்தேன், இப்போது பரவாயில்லை. கவலைப்பட வேண்டாம். உங்கள் அனைவரின் சுகத்தையும் வேண்டுகிறேன்.

வள்ளிக்குப் பட்டுப் பாவாடைத் துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. பார்சலில் அனுப்புகிறேன். ஆவணியில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காரியத்தை எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நம் பெரியப்பா மகன் சுப்பிரமணி இருக்கிறானே, அவனும் தாய்மாமன் முறைதான். அவன் மடியில் வைத்துக் குத்திவிடுங்கள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

முருகையன்

திருவண்ணாமலை
20.4.1979

தம்பிக்கு அக்கா எழுதுவது. துணி வந்தது. வள்ளி அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். நன்றாக இருக்கிறது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

நீ கரையின் நிறம்வரை எழுதுவாய், கேட்டதை மட்டும் விட்டுவிடுவாய். நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நீ எப்போது பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும்டா. வெல்லத்தை எடுத்துத் தின்றால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேச மாட்டாய், மாட்டுக்குத் தண்ணி காட்டுவாய், வாசலைப் பெருக்குவாய்.

சுப்பிரமணி மடியில் என் பெண்ணை உட்கார்த்த மாட்டேன். அவன் நல்லவன்தான், பாவம். ஆனால் இவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் நின்றவன் சுப்பிரமணி இல்லை. ஆவணி இருபதுக்குள் நீ வரவில்லையென்றால் இவள் காது மூளியாகவே இருக்கட்டும். கல்யாணத்திலும் ஜிகினாத் தாளை ஒட்டிக்கொள்ளட்டும். கேட்கிறவர்களிடம், மாமனும் மச்சானும் ஒரு மரக் குதிரைக்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள் என்று நானே சொல்கிறேன். எழுதும்போதே அழுகை வருகிறது. அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், அதனால் என்ன.

உன் மாமா ஒன்று கேட்டார். பார்சல் மேல் உன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்க யாரோடயாவது ஆடுறானாமா?"ன்னார். "நீங்களே எழுதிக் கேளுங்க"ன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சித்திரை முதல் நாள், ஆபீஸ் லீவு.

உண்ணாமலை

நெய்வேலி
11.6.1979

அன்புள்ள அக்காவுக்கு. நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பங்குனியில் காய்ச்சல் என்று எழுதியது பொய்.

சொல்லவில்லை அக்கா. மாமாவுக்கு அதை நான் சொல்லவில்லை.

சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்று சொன்னேன். ராஜாவுக்கு நம் ஊர் ஆட்டம் மாதிரி ஒருமுறை குதிரைத் தாவல் கிடையாது என்று சொன்னேன். ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்வதை ஒரு சாயந்திரம் முழுக்கக் காட்டினேன். கடைசியில் இந்த ஒரு விதி பாக்கி. அன்றைக்கு நீங்கள் கேழ்வரகு அடை சுட்டீர்கள். மாமா, "வேற எதாவது இருக்குதா முருகையா?"ன்னு கேட்டார். "அவ்ளோதான் மாமா"ன்னேன்.

மறந்துவிட்டேன் என்று இரண்டு வருஷமாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை. தெரிந்துதான் விட்டேன். ஆறு வருஷத்தில் மாமாவை நான் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை அக்கா. ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்து வேலூருக்குப் போக வேண்டும் என்று இருந்தது. சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போகிற ஆட்டம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. அவர் கை டப்பாவுக்குள் போய்க் குதிரையை எடுத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் காது இரண்டும் சுட்டது. அவர் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வையோடுதான் ஷிப்டுக்குப் போகிறேன்.

வேலூரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். அதற்குப் பிறகு காயைத் தொடவில்லை. மாமா கேட்டதற்குப் பதில் இதுதான்.

இந்தக் கையோடு வள்ளியை எப்படி மடியில் வைத்துக்கொள்வது? இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். காட்டிய பிறகும் அவர் வரச் சொன்னால் வருகிறேன். சொல்ல மாட்டார்.

உங்கள் தம்பி,
முருகையன்

திருவண்ணாமலை
25.6.1979

திருட்டுப் பயலே, தம்பி, சௌக்கியமாக இரு.

உன் கடிதத்தை மூன்று தடவை நானே படித்தேன். முதல் தடவை உன்னை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை அந்தக் கேழ்வரகு அடையில் வந்து நின்றுவிட்டேன். அடையை இரண்டு பேருக்கும் பாதிப் பாதி பிய்த்துக் கொடுத்தது நான்தான், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் சாப்பிட்டு முடித்ததும் படித்துக் காட்டினேன். கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்ளோதான் மாமா" என்று நீ சொன்ன இடத்தில், "இன்னொரு தரம் படி"ன்னார். படித்தேன். எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். நல்ல வெயில். பௌர்ணமியும் இல்லை, ஒன்றும் இல்லை, மனுஷன் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். அடி அண்ணாமலையில் பூக்காரம்மா பார்த்துவிட்டு, "இன்னா சாமி, வேண்டுதலா?"ன்னு கேட்டாளாம். "ஆமா, பழைய வேண்டுதல்"னு சொன்னாராம். காலெல்லாம் கொப்புளம். விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

கோபம் என்றால் எனக்குப் பழக்கம், சமாளித்துக்கொள்வேன். இவர் முகத்தில் கோபமே இல்லை முருகையா. வெல்லத்தைத் தின்றுவிட்டு நீ நிற்பாயே, அந்த மாதிரி நிற்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்லண்டு லெட்டர் வாங்கிவரச் சொன்னார். ஒன்று கிழித்தாயிற்று, இரண்டாவதும் கிழித்தாயிற்று. மூன்றாவதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பச்சையம்மன் கோயிலில் ஆகஸ்டு 30, வியாழக்கிழமை என்று நாள் பார்த்திருக்கிறோம். மனசை விட்டுவிடாதே. வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா

திருவண்ணாமலை
2.7.1979

அன்புள்ள மைத்துனர் முருகையனுக்கு, இராமலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கும் பிரார்த்தனை.

உன் அக்கா பெயருக்கு வந்த 11.6.79 தேதியிட்ட கடிதம் என் முன்பாகப் படிக்கப்பட்டது. அதன் மேல் என் தரப்பைத் தெரிவிக்கிறேன். தாலுகா ஆபீசில் இருபது வருஷம் எழுதிப் பழகியதால் இப்படித்தான் வருகிறது. மன்னிக்கவும்.

அந்த விதி எனக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால், நீ குளிக்கப் போன நேரத்தில் உன் தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஆபீசுக்குக் கொண்டுபோய் டைப்பிஸ்ட் தனம் அம்மாவிடம் கொடுத்து, விதிகள் உள்ள பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். சாயந்திரமே திருப்பி வைத்துவிட்டேன். நீ சொன்னது எல்லாம் அதில் இருந்தது. நீ சொல்லாதது ஒன்றும் இருந்தது. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் ராணியாகலாம், யானையாகலாம், குதிரையாகலாம், இஷ்டம்போல என்று அந்த அம்மாள் வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நீ விட்டுவிட்டாய் என்பது அப்போதே தெரியும். மச்சானின் பெட்டியைத் திறந்தேன் என்று எந்த முகத்தோடு உன்னைக் கேட்பது? அதனால் ஆட்டத்திலேயே உனக்குக் காட்டிவிடலாம் என்று இருந்தேன்.

சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் ராணியை எடுக்கத்தான் கை போனது. அப்போது ஒன்று பார்த்தேன். குதிரை வைத்தால் உன் ராஜாவுக்குச் செக், அதே குதிரை உன் ராணியையும் பிடிக்கும். ராணியை எந்த மடையனும் எடுப்பான், குதிரை எடுத்தால்தான் விதி எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும் என்று நீ உணர்வாய் என்று நினைத்தேன். வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தேனே, அது நீ நினைத்த பார்வை அல்ல. "எப்படி?" என்ற கர்வப் பார்வை.

நீ ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாய். பின்னால் நின்றிருந்த உன் யானைக்கு வழி திறந்து எனக்குச் செக் வந்தது. குதிரையும் உன் ராஜாவின் வாயில். நான் அதைப் பார்க்கவில்லை. சின்னப் பையன்கூடப் பார்த்திருப்பான். அவன் எவனோ சிரித்தான். ரியாசுதீன் வந்து, "ராணி எடுத்திருக்கலாமே அண்ணே"ன்னார். பழக்கதோஷம் என்று ஊரே நினைத்துக்கொண்டது தெரிந்தது. கர்வத்தில் கண் தெரியாமல் தோற்றேன் என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. "எனக்கு யாருய்யா சொன்னாங்க?"ன்னு கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருஷம் நீ சுமந்திருக்கிறாய். இது எனக்குத் தெரியாது. நீ வெட்கப்பட்டு விலகவில்லை, ஜெயித்த திமிரில் போய்விட்டாய் என்றே நினைத்திருந்தேன். ஊர் முன்னால் உன்னைத் தப்பானவன் ஆக்கியது நான். நீ சொல்லாமல் விட்டது ஒரு சாயந்திரம். நான் சொல்லாமல் விட்டது இரண்டு வருஷம். நேற்று ரியாசுதீன் கடைக்குப் போய், மாடியில் எல்லோரும் இருக்கும்போது நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆறு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நீ வர வேண்டும். இது என் உத்தரவு அல்ல, வேண்டுகோள். பலகையை இறக்கிக் கூடத்தில் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காய்கள் நின்ற இடம் எனக்கு மனப்பாடம், அப்படியே அடுக்கியிருக்கிறேன். சிப்பாய் கடைசிக்கு முந்தின கட்டத்தில் நிற்கிறது. ஆட வேண்டியது நான்.

இங்ஙனம்,
மாமன் இராமலிங்கம்

நெய்வேலி
8.7.1979

அன்புள்ள மாமாவுக்கு உங்கள் மச்சான் முருகையன் வணக்கம். அக்கா, வள்ளி, நீங்கள், உங்கள் காலில் உள்ள கொப்புளம் எல்லாம் நலமா?

உங்கள் கடிதத்தை ஷிப்டு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். மூன்று பஸ் போய்விட்டது. ஆகஸ்டு 28லிருந்து நாலு நாள் லீவு கிடைத்துவிட்டது. உண்மையில் முன்பு நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதோடு என் பெட்டி காலி. ராஜாவை நகர்த்தினேனே, அந்த யானையை நானும் பார்க்கவில்லை மாமா. செக் வந்ததும் பயத்தில் எங்கேயாவது ஓட வேண்டும் என்று ஒரு கட்டம் தள்ளினேன். கையை எடுத்த பிறகுதான் யானை திறந்திருப்பது தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன் என்பதுபோல மூஞ்சியை வைத்துக்கொண்டேன்.

வருகிறேன்.

முருகையன்

திருவண்ணாமலை
14.7.1979

தம்பி, நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய், இனி அதைக் கேட்கத் தேவையில்லை.

உன் கார்டை அவர் நின்றபடியே படித்தார். "யானைய இவனும் பாக்கலயாம் உண்ணாமல!"ன்னு சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், பக்கத்து வீட்டு இராஜமாணிக்கத்தின் அம்மா என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் போய் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

கூடத்தில் அந்தப் பலகை இருப்பதால் சரியாகப் பெருக்கக்கூட முடியவில்லை. வள்ளி குதிரை வேண்டும் என்கிறாள், தொடவிடமாட்டேன் என்கிறார். போன வாரம் அவருக்குப் பொழுது போகாமல் எனக்கு எல்லாக் காயும் சொல்லிக்கொடுத்தார், கடைசிக் கட்டத்து விதியையும் சேர்த்து. எதையும் விடவில்லை, நானே இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஆகவே கேள். முதலில் காது குத்து. வள்ளி உன் மடியில் அழுது முடித்து, சோறு சாப்பிட்டு, இலை எடுத்த பிறகுதான் பலகை. அவர் ராணியே வைக்கட்டும், குதிரையே வைக்கட்டும், எனக்கு அக்கறை இல்லை. முடித்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த ஆட்டம் நான் ஆட வேண்டும். நீங்கள் ரெண்டு பேரும் பார்க்காத யானையை இந்தக் கூடத்தைப் பெருக்கும்போது தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
உண்ணாமலை